ஆற்று மூலையின் பாரம்

முதலில் என் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அய்யாசாமி. நடுவில் ‘ச்’ கிடையாது. நேற்றைய காகிதத்தில் உங்கள் குமாஸ்தா அய்யாச்சாமி என்று போட்டிருக்கிறார். சின்ன விஷயம்தான். ஆனால் என் தொழிலில் சின்ன விஷயத்தில் அசட்டையாக இருப்பவன் நிலைத்ததில்லை.

வக்கீல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்காக இந்த விசாரணை நாற்காலியில் உட்காரவில்லை. என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு, என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் வேறென்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

ரங்கூனுக்கு வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. ராமநாதபுரம் ஜில்லாக்காரன். மண்வெட்டியோடு இறங்கியவன், ஓவர்சியர் ஆனேன். இந்த ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேலே நாலடி கெட்டியாக இருக்கும், மாடு கட்டலாம். அதற்குக் கீழே களி. அதற்கும் கீழே, ஆற்றை ஒட்டிய இடங்களில், தயிர் மாதிரி. இங்கே கட்டிடம் மண்ணின் மேல் நிற்பதில்லை. நாற்பதடி நீள முளைக்கட்டைகளை இரும்புக் குண்டால் அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் கட்டிடத்தை நிறுத்துகிறோம். கடைசியாகப் பத்து முறை குண்டு விழுந்தும் கட்டை மொத்தத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்காவிட்டால், அது கீழே கெட்டி மண்ணைப் பிடித்துவிட்டது என்று பொருள். அந்த அளவை ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். எழுதுவது ஓவர்சியர். பத்தொன்பது வருஷமாக நான் எழுதினேன். நீங்கள் இங்கே வரும் வழியில் கடந்து வந்த கட்டிடங்களில் ஐந்தாறு என் கட்டைமேல் நிற்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் என்னை விசாரிக்கவில்லை.

ரங்கூனின் ஆற்றங்கரையில், அலோன் பகுதியில், சர்க்கார் கட்டிய கூலி விடுதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. மூன்றடுக்கு. நம் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற ஜனங்கள் மேஸ்திரிகள் வந்து அழைத்துப் போகும்வரை தங்குவதற்கும், ஊர் திரும்புகிறவர்கள் கப்பலுக்குக் காத்திருப்பதற்கும். அவர்களுடைய பதிவேடுகளும் அங்கேதான் இருக்கும். நல்ல எண்ணத்தில் கட்டியது. நான் வந்து இறங்கிய நாளில் துறைமுகக் கொட்டகையில் ஈரச் சாக்கின்மேல் படுத்தேன். எனவே அந்தக் கட்டிடத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மூலையிலும் கட்டை நன்றாகப் பிடித்தது. ஆற்றுப் பக்கத்து மூலையில்தான் தொந்தரவு. முதல் கட்டையை நிறுத்திக் குண்டை அதன் தலையில் வெறுமனே வைத்தோம். அடிக்கவே இல்லை, ஆளுயரம் இறங்கிவிட்டது. அடிக்க ஆரம்பித்தால் குண்டு விழும் ஒவ்வொரு முறையும் ஒரு முழம் போயிற்று. கடைசியில் கட்டையே கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விட்டது. பக்கத்துப் படகுத் துறையில் ஊ போ சா என்ற பர்மாக்காரர் இருந்தார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வந்து பார்த்துவிட்டு, அந்த இடம் முன்பு ஓடையாக இருந்தது என்றும், வாலிபத்தில் தன் படகை அங்கேதான் கட்டுவார் என்றும், அரிசி ஆலைக்காரர்கள் உமியையும் சாம்பலையும் கொட்டித்தான் அதைத் தூர்த்தார்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

எஞ்சினியர் துரையிடம் போனேன். ஆம், போனேன். மறைக்கவில்லை. கட்டையோடு கட்டை ஒட்டி எண்பதடி இறக்க வேண்டும் என்றேன். அவ்வளவு மரம் வந்து சேர மூன்று மாதம் ஆகும். அதற்குள் மழை பிடித்துவிடும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.  துரை, “அய்யாசாமி, நீ எழுதுகிற புத்தகத்தை நான் இதுவரை சந்தேகப்பட்டதில்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. ஒரு வெள்ளைக்காரர் தன் கட்டிடத்தை என் கையெழுத்தின்மேல் நிறுத்துகிறார். உங்களுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

ஆற்று மூலையில் முப்பத்தாறு கட்டைகள். உள்ளே போனவற்றின்மேல் பத்தடித் துண்டுகளை நிறுத்தினேன், பார்க்கிறவர்களுக்குத் தலை தெரிய வேண்டுமல்லவா? புத்தகத்தில் எல்லாம் கெட்டி மண்ணைப் பிடித்ததாக எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எழுதினால் கண்ணை உறுத்தும். அதனால் சிலவற்றுக்கு அரை, சிலவற்றுக்கு முக்கால், இரண்டுக்கு மட்டும் ஒன்றேகால் என்று போட்டு, அந்த இரண்டையும் மறுபடி அடித்ததாகவும் எழுதினேன். நீங்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இருக்காது.

திறப்பு விழா நன்றாக நடந்தது. துரை என்னையே அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியராக வைத்தார்.

அடுத்த மழையில் ஆற்று மூலைச் சுவரில் ஒரு கீறல் விட்டது. தலைமைக் கொத்தனார் தஸ்தகீர்தான் முதலில் பார்த்தான். என்னோடு ஒரே கப்பலில் வந்தவன். சாப்பாட்டில் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். அவன் கீறலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சுண்ணாம்பால் பூசினான். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் அப்படியே இருக்கும். வாரம் ஒரு முறை பார்த்து எழுதும்படி துரையின் உத்தரவு.

மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி உடைந்திருந்தது. வேறு துண்டு எடுத்து ஒட்டினேன். அதுவும் உடைந்தது. மறுபடி ஒட்டினேன். ஆடி மாதம் முடிவதற்குள் பதினான்கு துண்டுகள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுவார்கள். பயந்த ஜனங்கள் நெரிசல் செய்வார்கள். நான் கண்ணாடியை மாற்றியது அவர்கள் நிம்மதியாக இருப்பதற்காக.

ஒரு நாள் தஸ்தகீர் விரலால் அந்தப் பூச்சைத் தொட்டுப் பார்த்தான்.

“அண்ணே, நான் பூசி ஒன்றரை மாசம் ஆச்சு. சுண்ணாம்பு இன்னும் ஈரமா இருக்கே.”

மழைக்காலம் என்றேன்.  “இதுல ஆளுங்க படுத்துத் தூங்குறாங்க அண்ணே. நீங்க சொல்றீங்களா, நான் துரைகிட்டச் சொல்லட்டுமா?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான்.

நானே சொல்கிறேன் என்று அவனைச் சமாதானப்படுத்தினேன். மறுநாள் அவனுக்கு ஊருக்கு வெளியே மிங்கலாடோனில் பட்டாளத்துக்காரர்களுக்குக் கட்டும் வீடுகளில் தலைமைக் கொத்தன் வேலை வாங்கிக் கொடுத்தேன். இங்கே கிடைத்ததைவிட நல்ல வேலை. தங்க இடமும் உண்டு. அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு நான்தான் காரணம். அவன் உங்கள் முன்னால் வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொன்னான் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை. அவன் நல்லவன், யோசனை போதாது.

துரையிடமும் சொன்னேன். கீறல் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்றேன். அவர் ஊருக்குக் கப்பல் ஏறும் அவசரத்தில் இருந்தார். ஆற்று மூலையில் பாரத்தைக் குறை என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்த உத்தரவை நான் மீறிவிட்டதாக உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெள்ளத்துக்குப் பயந்து பதிவேடுகளை மேல்மாடியில் வைத்திருந்தார்கள். ஆற்று மூலை அறையில் முப்பது இரும்பு பீரோக்கள். ஒரு பீரோ, காகிதத்தோடு சேர்த்து, பன்னிரண்டு மணங்கு; மணங்கு ஒன்றுக்கு எண்பத்திரண்டு ராத்தல் கணக்கு. ஆக முந்நூற்று அறுபது மணங்கு. அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதே மாடியில் ஊர்ப்பக்கத்து அறையில் கட்டை நன்றாகப் பிடித்திருந்தது, தரை அசையாது. அந்த அறையில் பெண்கள் இருந்தார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள், கப்பலுக்குக் காத்திருந்தவர்கள், குழந்தைகளோடு ஐம்பத்திரண்டு பேர். எல்லாரையும் சேர்த்து நிறுத்தாலும் அறுபது மணங்கு வராது. வயல்வேலை முடிந்து திரும்புகிற ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இடம் மாற்றினேன். பீரோக்கள் அங்கே, பெண்கள் இங்கே. முந்நூறு மணங்கு குறைந்தது. ஆண்களை வைத்திருந்தால் இன்னும் இருபது முப்பது மணங்கு கூடியிருக்கும். அதையும் யோசித்துத்தான் செய்தேன். சீட்டின் கடைசி வரியில் அறை காலியாக இருக்கட்டும் என்று துரை எழுதியிருந்தது உண்மை. அந்த வாரம் இரண்டு கப்பல் ஜனங்கள் வராந்தாவில் கிடந்தார்கள். காலியாக ஓர் அறையைப் பூட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த நாள். ஆவணி பிறந்து ஐந்தாவது நாள், காலை பத்து மணி சுமார். காளியம்மா கீழே வந்தாள். அந்தப் பெண்களில் நாலு வார்த்தை துணிந்து பேசக்கூடியவள் அவள்தான். தஞ்சாவூர்ப் பக்கம். வடக்கே அக்கியாப்பில் வயல்வேலைக்குப் போய்ப் புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு திரும்பிக்கொண்டிருந்தவள்.

“ஓவர்சியரய்யா, தட்டுல ஊத்துற கஞ்சி ஒரு பக்கமா ஒதுங்குது. கதவு நெலையில பொருந்த மாட்டேங்குது. நாங்க முத்தத்துல போய் இருந்துக்கிறோம்.”

மழை பெய்கிறதே என்றேன்.

“நனைஞ்சா காஞ்சுக்கும் ஐயா.”

பதினோரு மணிக்குக் கட்டிடத்தைப் பார்வையிடத் துரைமார்களும் பெரிய மனிதர்களும் வருவதாக இருந்தது. ஐம்பது பெண்கள் மூட்டை முடிச்சோடு மழையில் முற்றத்தில் நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர்கள் போனதும் இறங்கலாம் என்றேன். அவள் பதில் பேசாமல் மேலே போனாள். பேசாமல் போகிறவர்களை நான் நம்புவதில்லை. மாடிப்படியின் தலைப்பில் ஓர் இரும்புக் கதவு உண்டு. பெண்கள் பக்கம் ஆண்கள் போகாதிருப்பதற்காக வைத்தது. நான் பின்னாலேயே போய் அதில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஒரு மணி நேரத்துக்குத்தான்.

வந்தவர்கள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வாசல் படியில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது மேலே காரை உதிர்ந்தது. என் கடிகாரத்தில் பத்து முப்பத்துநாலு. நான் மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். பெண்கள் கதவடியில் நின்றார்கள். நான் பூட்டுவதற்கு முன்பே கீழே குழாயடிக்குப் போயிருந்தவர்கள் போக முப்பத்தொரு பேர். காளியம்மா சத்தம் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“சாவி ஒங்க இடுப்புல தொங்குது. எனக்குத் தெரியுது.”

கூட்டமாக ஓடினால் மரப்படி தாங்காது, வரிசையாக நிற்கச் சொல் என்றேன். அவள் திரும்பிச் சொன்னாள். அவர்கள் நின்றார்கள். குழந்தைகளை முன்னால் விட்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, சுவரை ஒட்டி நின்றார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. கீழே துரைமார்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர்கள் உள்ளே வந்து ஊர்ப்பக்கத்து மாடிக்குத் திரும்பட்டும், பிறகு திறக்கலாம் என்று நினைத்தேன். நான் நாலு படி கீழே இறங்கி நின்றுகொண்டேன்.

பத்து நாற்பதுக்கு ஆற்று மூலை இறங்கியது. பெரிய சத்தம் வரும் என்று நினைப்பீர்கள். அப்படி வரவில்லை. நெல் மூட்டை அடுக்கு சரிகிற மாதிரி இருந்தது. மேல்மாடியும் அதற்குக் கீழிருந்ததும் ஒன்றாக மண்ணுக்குள் போயின. நான் எப்படிப் பிழைத்தேன் என்று கேட்கிறீர்கள். படி ஆடியதும் இறங்கி வெளியே வந்தேன். ஓடவில்லை, நடந்துதான் வந்தேன். துரைமார்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பீரோக்கள் அத்தனையும் பத்திரம். ஒரு பதிவேடு நனையவில்லை. செத்த இருபத்தேழு பேரின் பெயரையும் ஊரையும் நீங்கள் அதிலிருந்துதான் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். பிழைத்த நாலு பேரில் காளியம்மாவின் மூத்த பெண் ஒருத்தி. சாவியைப் பற்றி உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளை, பொய் சொல்லாது.

ஆம். ஆறு நிமிஷம் சாவி என்னிடம் இருந்தது. கை நடுங்கவில்லை, மறக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. திறக்கக் கூடாது என்று நானாக முடிவு செய்து திறக்காமல் இருந்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். திறந்திருந்தால் அவர்கள் ஓடியிருப்பார்கள். ஓடியிருந்தால் கட்டிடத்துக்குச் சேதம் வந்திருக்கும்.