ஈஸ்டர் பாக்கெட்

மர்சலின்: ...அப்ப இந்தப் பாக்கெட்ட இன்னா பண்ணட்டும்? ஈஸ்டர் முடிஞ்சு பத்து நாளாச்சு. நீங்க பிரிக்கவே இல்ல.

மரியதாஸ்: இருக்கட்டும் மர்சி. அது இன்னா சோறா, ஊசிப்போறதுக்கு?

மர்சலின்: இருபத்திரண்டு வருஷமா தவக்காலம் நாப்பது நாளும் சிகரெட்டத் தொடமாட்டீங்க. ஈஸ்டர் பூசை முடிஞ்சு வந்ததும் காப்பி டம்ளர் பக்கத்துல நானே ஒரு பாக்கெட் வாங்கி வைப்பேன். காப்பி ஆறினாலும் மொதல்ல அதத்தான் பிரிப்பீங்க. இந்த வருஷம் மட்டும் இன்னாவாம்?

மரியதாஸ்: தோணல... அவ்ளோதான்.

மர்சலின்: தோணலயா? தீப்பெட்டி நனையக் கூடாதுன்னு என் கையிலேர்ந்து குடையப் புடுங்கின ஆளு நீங்க.

மரியதாஸ்: அது கல்யாணமான புதுசுல.

மர்சலின்: போன தீபாவளி மழையில.

மரியதாஸ்: ...சரி, அந்த மனுவ எடு. இன்னும் நாலு வீடு பாக்கி.

மர்சலின்: இதுவும்தான் எனக்குப் புரியல. கோயில் ஹால்ல யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு ஃபாதருக்கு மனு. எழுதினது யாரு? அதே ஹால்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஊதி ஊதி செவுத்தையே மஞ்சளாக்கின மரியதாஸ்.

மரியதாஸ்: ஹால்ல என்கூட உக்காந்து ஊதுற ஜாக்சனும் இதையே சொல்லித்தான் சிரிச்சான். காதுல ஒரு சிகரெட்ட சொருகிக்கினே கையெழுத்துப் போட்டான்.

மர்சலின்: ஹாலோட விட்டீங்களா? பஸ்ல, ஆஸ்பத்திரில, சினிமா கொட்டாய்ல... சட்டம் இருந்தா மட்டும் போதாது, எல்லா எடத்துலயும் கவர்மெண்டே நேர்ல வந்து தடுக்கணும்னு வேற...

மரியதாஸ்: தடுக்கத்தான் வேணும். பக்கத்துல உக்காந்தவங்க இன்னா பாவம் பண்ணாங்க?

மர்சலின்: ...உங்க நெஞ்சுல ஏதாவதா? மறைக்காதீங்க.

மரியதாஸ்: எனக்கு ஒண்ணுமில்ல. மாதா சத்தியமா.

மர்சலின்: பின்ன ஏன் நான் இருமுனா எழுந்து வெளிய போறீங்க?

மரியதாஸ்: காத்து வாங்க.

மர்சலின்: எனக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களே... ரிப்போர்ட்ட நீங்கதான போய் வாங்குனீங்க?

மரியதாஸ்: அதான் சொன்னேனே. சாக்பீஸ் தூசி. பதினெட்டு வருஷமா கிளாஸ்ல அதத்தான முழுங்குற... ஒத்துக்கல உனக்கு.

மர்சலின்: சரி... சாக்பீஸ்தான். இந்த மனுவுல கடைசிக் கட்டம் எதுக்கு? 'வீட்டில் புகையால் நோயுற்றவர்'னு இருக்கு. ஒருத்தர் 'இல்லை'ன்னு எழுதியிருக்காரு, ஒருத்தர் 'அப்பா'ன்னு எழுதியிருக்காரு. மொத வரி நம்ம வீடு... அது மட்டும் காலி.

மரியதாஸ்: அப்புறம் எழுதலாம்... பேனாவக் குடு. மர்சி... இன்னா எழுதுற?

மர்சலின்: என் பேர.

மரியதாஸ்: ...யார் சொன்னது உனக்கு?

மர்சலின்: தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்கு மொத நாள் டானிக் சீட்டு கேட்டு டாக்டரம்மாகிட்ட போனேன். 'நுரையீரல் இப்படிக் கெட்டிருக்கே, எத்தன வருஷமா பிடிக்கிறீங்க'ன்னு என்னையே கேட்டாங்க. தொட்டதே இல்லன்னேன். 'உங்க வீட்டுக்காரரும் இதையே சொல்லித்தான் அழுதாரு'ன்னாங்க.

மரியதாஸ்: தெரிஞ்சுமா... எல்லாம் தெரிஞ்சுமா ஈஸ்டர் அன்னிக்கு இந்தப் பாக்கெட்ட வாங்கி வெச்ச?

மர்சலின்: கடை வரைக்கும் போய் ரெண்டு தடவ திரும்பி வந்துட்டேங்க. ஆனா வைக்கலன்னா... எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. நீங்க தாங்கமாட்டீங்க.