அத்தை சத்தமில்லாமல் பார்த்த வீடியோ

"நான் ரவிக்கை தைக்கக் கத்துக்குடுத்தா, மாமியாரைத் திட்டுற மாதிரியா தெரியுது?" என்றாள் முன் இருக்கைப் பெண். வேலப்பன்சாவடி போகும் பேருந்து அது. பக்கத்திலிருந்த தோழி அவள் போனை வாங்கி, அவள் போட்டிருந்த தையல் வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஆமாண்டி. பழைய ரவிக்கையைத் தூக்கிப் புடிச்சிகினு, மூஞ்சைச் சுளிச்சிகினு இன்னாவோ சொல்றே. கடைசில சிரிக்கிறே வேற."

"கை கோணலா வெட்டுனது என் தப்புன்னு சொல்றேன். எங்க அத்தைக்குத்தான் காது கேக்காதே. அவங்க ரவிக்கையைக் காட்டி நான் கேலி பண்றேன்னு நெனச்சிட்டு, நூம்பல்ல இருக்கிற மக ஊட்டுக்குப் போயிட்டாங்க. நாலு நாளாச்சு. கூப்பிடத்தான் போறேன், என் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னுட்டாங்கன்னா?"

"அப்ப நீ பேசுறதைக் கீழ எழுத்தாப் போட்டு, இப்பவே அனுப்பு."

அவள் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். நிறுத்தம் வரும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தோழிக்குப் படித்துக் காட்டினாள்.

"'இது எங்க அத்தை ரவிக்கை. நான்தான் தப்பா வெட்டிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லாம ஒரு வருசம் போட்டுக்கினாங்க.' போதுமா?"

"போதும். அனுப்பு."

அனுப்பிவிட்டு, போனை மடியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"பாத்துட்டாங்கடி. ஒண்ணும் எழுதலை."

"படிக்க நேரம் குடு."

போன் அதிர்ந்தது. அவள் ஒரு முறை மனதுக்குள் படித்தாள். பிறகு தோழிக்குக் கேட்கும்படி படித்தாள்.

"'பையை எடுத்துகினு ஸ்டாப்புக்கு வரேன். வெயில்ல நிக்க வெக்காதே.'"

"இன்னும் ரெண்டு ஸ்டாப் கீது, உக்காரு" என்றாள் தோழி. அவள் அதற்குள் படிக்கட்டருகே போய் நின்றுவிட்டாள்.