ஒளி: பெ. நாகேந்திரன்

கண்காட்சிக் குழுச் செயலாளர் அகல்யா அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக் கடிதம் எழுதினால் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று ஊத்துக்கோட்டைப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே செய்கிறேன்.

ஜனவரி பதினேழு, இரவு ஏழரை மணி. வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி, மனைக்கல் நட்டு விற்காமல் கிடக்கும் ஒரு வயல். நாங்கள் நாலு பேர். பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருந்த ஹுமாயூன் தன் கேமராப் பையின் மேல் உட்கார்ந்திருந்தார். வங்கியில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பிரியா கேமரா முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு மனைக்கல்லின் மேல். ஜெகன் தன் காரின் முன் சீட்டில், தூங்கிவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தின் நகல் காவல் ஆய்வாளருக்கும் போகிறது. அவருக்காக எங்கள் வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். இருட்டில் கேமராவின் கண்ணை மூன்று நிமிடம் திறந்தே வைப்போம். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்புக் கையுறை போட்ட ஒருவர் விளக்குக் குழலோடு அதன் முன்னால் நடந்து, மரத்துக்கும் ஆளுக்கும் வெளிச்சம் பூசுவார். வெளிச்சம் படத்தில் பதியும். நடந்தவர் பதியமாட்டார். கண் மூடும்வரை யாரும் டார்ச் போடக் கூடாது. போட்டால் படம் பாழ்.

எங்கள் குழுவில் கேமரா ஹுமாயூனுடையது, படத்தில் நிற்பவரும் அவர்; பட்டனை அழுத்துபவர் கிருஷ்ணப்பிரியா; நடப்பவன் நான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பொருளை வைத்த இடத்தில் வைப்பது என் பழக்கம். பகலிலேயே தனியாகப் போய் இடத்தை அளந்து, கல்லைப் பொறுக்கி, ஆள் நிற்க வேண்டிய இடத்தில் இருட்டில் மினுங்கும் பட்டை ஒட்டிவிட்டு வருவேன். நாற்பதாவது நொடியில் முகத்துக்கு ஃபிளாஷ் அடிப்பேன். அடித்ததும் நிற்பவருக்குக் கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. எந்தப் பக்கம், எத்தனை அடி என்று காதருகில் சொல்வேன். அவர் அப்படியே நடந்து படத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். இரண்டு வருடத்தில் ஹுமாயூனுக்கு ஒருமுறைகூடக் கால் இடறியதில்லை. அந்த அளவுக்கு நான் கவனமானவன்.

போன வருடம் ஆவடியில் ஒரு பழைய பஸ்ஸுக்கு வெளிச்சம் பூசி எடுத்த படம் பெங்களூரில் பரிசு வாங்கியது தங்களுக்குத் தெரியும். படத்தின் கீழே ஹுமாயூன் பெயர் மட்டும் இருந்தது. நசரத்பேட்டையில் டீ குடிக்கும்போது, என் பெயரும் போட்டிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவர் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல நீ எங்க கீற, அண்ணாத்தே? காட்டு பாப்போம். இல்லல்ல? அப்பால இன்னாத்துக்கு பேரு?"

ஜெகன் டீயைத் துப்பிவிட்டார், அவ்வளவு சிரிப்பு. கிருஷ்ணப்பிரியாகூட, "பாவம், உட்ருங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று ஹுமாயூன் போனை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினார். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். மேசைக்கு அடியில் அது ஒலித்தது. திரையில் என் பெயர் இல்லை. 'டார்ச்' என்று இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. பத்து மாதம் கழித்துத்தான் இந்த வயலைப் பார்த்தேன். கோபக்காரன் பத்து மாதம் பொறுப்பானா என்பதைத் தாங்களே யோசிக்கவும்.

அன்று மாலை ஐந்து மணிக்கே நான் அங்கே போய்விட்டேன். பனைமரத்தடியில் கேமராவைப் பார்த்து நிற்பவருக்கு இடது பக்கம், புதர் மறைவில் ஒரு பழைய வயல் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. யாரோ பொறுப்பாக அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். பனைமரத்தைப் பார்த்த பக்கத்தில் ஆறடி அகலத்துக்கு அந்த முள்ளை இழுத்து ஒதுக்கினேன். வெளிச்சம் பட்டால் முள் படத்தில் அசிங்கமாக விழும். பிறகு ஒட்டுப்பட்டையை மரத்தடியில் ஒட்டினேன். அங்கிருந்து கிணற்றுக்கு ஏழு அடி. மற்றவர்கள் வரும்போது இருட்டிவிட்டது. கிணற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஹுமாயூன் பட்டை மேல் போய் நின்றார். "நல்லா போடு அண்ணாத்தே, இந்த தபா துபாய் போட்டிக்கு அனுப்பப் போறேன்" என்றார். யார் பெயரில் என்று நான் கேட்கவில்லை. கிருஷ்ணப்பிரியா பட்டனை அழுத்திவிட்டு, யாரும் டார்ச் போடக் கூடாது என்று கத்திச் சொல்லி, பத்து பத்தாக எண்ண ஆரம்பித்தார். நான் ஹுமாயூனைச் சுற்றிக் குழலால் ஒரு வளையம் போட்டேன். நாற்பதில் ஃபிளாஷ் அடித்தேன்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம். எட்டு அடி. அகலமா வை."

அவர் அகலமாகத்தான் வைத்தார்.

"என்ன சத்தம் அது, சார்?" என்று கிருஷ்ணப்பிரியா கேட்டார்.

"கல்லு சரிஞ்சுது. எண்ணுறத நிறுத்தாத."

அவர் அறுபது என்றார். ஹுமாயூன் கீழேயிருந்து, "அண்ணாத்தே" என்று கூப்பிட்டார். சத்தமாக இல்லை, எனக்குக் கேட்கிற அளவுக்கு. எண்பதில் இன்னொரு முறை. கேமராவின் கண் திறந்திருந்தது, இன்னும் நூறு நொடி பாக்கி. நான் பனைமரத்தின் அடியிலிருந்து குழலை நீட்டிப் பிடித்து மேலே கொண்டுபோனேன். பிறகு புதர், பிறகு தரை. நூற்று எண்பதில் கிருஷ்ணப்பிரியா கேமராவின் கண்ணை மூடினார். அதற்குப் பிறகுதான் நான் ஹுமாயூனைக் காணோம் என்று கத்தினேன்.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஹுமாயூனின் மனைவி ஜீனத், "அவரு கஷ்டப்படாம போனாரா அண்ணே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஒரு சத்தம்கூட வரலம்மா" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பெரிய பொய் அதுதான். கிருஷ்ணப்பிரியாவோடு ஹுமாயூன் வீட்டில் யாரும் பேசுவதில்லை, டார்ச் போடாதே என்று கத்தியவர் அவர் என்பதால். அவர் இரண்டு மாதமாக வேலைக்கும் போகவில்லையாம். அவரை இங்கே குறிப்பிடக் காரணம், நொடிக்கணக்குக்கு அவர்தான் சாட்சி.

இதெல்லாம் இப்படியே இருந்திருக்கும். நேற்று தங்கள் அழைப்பிதழ் வந்தது. முகப்பில் அந்தப் படம். கீழே, 'ஹுமாயூனின் கடைசி ஒளி'.

அது அவருடைய ஒளி அல்ல. பனைமரத்தைப் பாருங்கள். அடியிலிருந்து உச்சிவரை ஒரே கோடு. எங்கும் விட்டுப்போகவில்லை, நடுங்கவில்லை. அறுபதாவது நொடிக்குப் பிறகு போட்டது அது. கிணற்றுக்குள் கிடக்கும் ஒரு மனிதன் பனைமரத்துக்கு வெளிச்சம் பூச முடியாது. அந்த நேரத்தில் வெளியே நின்று, அவர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு, கை நடுங்காமல் குழலைப் பிடித்தவன் நான். அவரை அங்கே நடக்கவைத்தவனும் நான்தான். இதைச் சொல்லாமல் படம் என்னுடையது என்று நிரூபிக்க வழியில்லாததால் சொல்கிறேன். பெயருக்கு ஆசைப்பட்டு எழுதவில்லை. ஒரு தவறான தகவல் பொதுமக்கள் பார்வைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வரிகளைத் தபால் ஆபீஸ் மேசையில் வைத்து எழுதுகிறேன். கையில் இரண்டு உறைகள். கவுண்டர் மூடும் நேரம். ஒன்றைத்தான் வாங்குவேன் என்கிறார் உள்ளே இருக்கும் அம்மா. தங்களுடையதைக் கொடுக்கிறேன். படத்தின் கீழே வைக்கும் அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். காவல் நிலையத்துக்குத் திங்கட்கிழமை அனுப்பிக்கொள்ளலாம், அங்கே அவசரம் ஒன்றுமில்லை.

அட்டையில் 'ஒளி: பெ. நாகேந்திரன்' என்று இருக்கட்டும். இனிஷியலை விட்டுவிட வேண்டாம். உறையை ஒட்டுகிறேன்.