பதினாலாம் நம்பர்

அங்க குந்தாதீங்க சார். அந்த பெஞ்சிக்கு இப்பதான் பெயின்டு அட்ச்சேன், பேன்ட்டு பூரா பச்ச ஆயிடும். இந்தாங்க, இந்த சேரு. மூணு காலு ஒரிஜினலு, நாலாவதுக்கு செங்கல்ல முட்டுக் குடுத்துகீறேன். நாடே அப்டித்தான் ஓடுது, தைரியமா குந்துங்க.

சத்தமா? அது பிரஸ் ஷாப்பு சார். வேலிக்கு அந்தாண்ட நீலக் கலர்ல ஷெட்டு தெரியுது பாருங்க, அதான். கார் கதவுக்குத் தகடு அமுக்குறாங்க. டமால், டமால்னு நாள் பூரா இதேதான். புச்சா வர்றவங்களுக்கு அதக் கேட்டா தலவலி வரும். எனக்கு அது நின்னாதான் திக்குனு இருக்கும்.

யாரு, பிரசன்னாவா? வந்துகினே கீறாரு. ஹெச்சார் சாரு இப்பதான் போன் பண்ணாரு. குன்றத்தூரு தாண்டிட்டாராம், ஒரகடத்தாண்ட கன்டெய்னர் லாரி ஒண்ணு குறுக்க நின்னுகினு பேஜார் பண்ணுதாம். பெரியவரே, ஜூனியர் ஹாக்கி கேம்ப்புக்கு ஆள் எடுக்குற செலக்டரு மெட்ராஸ்லேந்து வந்துகிறாரு, பிரசன்னா வர்ற வரைக்கும் பேசிகினு இருங்கன்னாரு. பேசுறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? இந்த வல்லம் வடகால்ல தணிகாசலம் பேச ஆரம்பிச்சா தெருநாயி கூட நின்னு கேட்டுட்டுத்தான் போவும். கம்பெனி கிரவுண்டுக்கு நான்தான் வாட்ச்மேனு, நான்தான் சுண்ணாம்புக் கோடு போடுறவன், நான்தான் முள்ளு புடுங்குறவன். சம்பளம் மட்டும் ஒருத்தனுக்குத்தான்.

சாதாரண கிரவுண்டுன்னு நெனச்சிடாதீங்க சார் இத. கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல நம்ம டீம்ல பேக்கு ஆடுற ஒருத்தன் அட்ச்ச அடில, பந்து வேலி தாண்டி ரோட்ல போன லாரி மேல போய் குந்திகிச்சு. லாரி நேரா ஹார்பரு, ஹார்பர்லேந்து கப்பலு. ரெண்டு வருசம் கழிச்சு ஜப்பான்லேந்து நமக்கு ஒரு மெஷின் வருது. பொட்டியப் பிரிக்கிறாங்க, உள்ள நம்ம பந்து! மார்க்கர் பேனால நான் எழுதுன எழுத்து அப்டியே கீது. சிரிக்காதீங்க சார். கஸ்டம்ஸ் கட்டித்தான் வெளிய எடுத்தோம்.

ஆடாம இருப்பேனா? நானும் ஆடுனவன்தான். மெட்ராஸ்ல ஒரு பைனலு, பெனால்டி கார்னரு, அடிக்கிறவன் நானு. உட்டேன் பாருங்க ஒரு அடி, பந்து ரெண்டாப் பொளந்து, பாதி கோலுக்குள்ள, பாதி வெளிய. அம்பயரு ரொம்ப நேர்மையான மனுசன். அர கோலு குடுத்தாரு. ரெண்டர-ரெண்டுன்னு நாங்க கப்பு வாங்குனோம். பேப்பர்ல கூட போட்டான். அந்தப் பேப்பர்லயே ஒருத்தன் போண்டாவ மடிச்சுக் குடுத்துட்டான், இல்லன்னா காட்டியிருப்பேன்.

நம்பல இல்ல? நம்பாதீங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அது எனக்கும் தெரியும், ஹெச்சார் சாருக்கும் தெரியும்.

நீங்க சுங்குவார்சத்திரம் வழியாத்தான வந்தீங்க? பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல மூர்த்தி டீக்கடைன்னு ஒண்ணு கீது, பாத்திருப்பீங்க. கோச்சுக்காதீங்க, உங்க செலக்ஷன் கமிட்டியெல்லாம் சும்மா சார். மெய்யான கமிட்டி அங்கதான் கூடுது. ஷிப்டு முடிச்சவன், ஷிப்டுக்குப் போறவன், பஸ்ஸ விட்டவன், எல்லாவனும் கையில கிளாச வச்சிகினு ஜூனியர் டீம செட் பண்ணுவான். எவன எடுக்கறது, எவன கழட்டறது, கோச்ச எப்ப வூட்டுக்கு அனுப்பறது, எல்லாம் அங்க முடிவாயிடும்.

தங்கமாரின்னு ஒரு சூப்பர்வைசரு வருவாரு. கோவில்பட்டிக்காரரு. அவரு பேசுனா வேற மாதிரி கீது, கேக்கவே ஜோரா இருக்கும். எங்க ஊர்ல பிள்ளைய தொட்டில்ல போடயிலயே கையில ஸ்டிக்கக் கொடுத்துத்தாம்ல போடுவோம், ஒங்க ஊர்ல என்னவே இருக்கு, ஏரியும் லாரியும்தான இருக்குன்னாரு ஒரு நாளு. மூர்த்தி சும்மா வுடுவானா? உங்க ஊர்ல அவ்ளோ பேரு பொறந்தும் நீ ஏன்யா இங்க வந்து போல்ட்டு முடுக்கிகினு கீறன்னுட்டான். அவரும் ஆடுனவருதான் சார், ஸ்டேட் லெவலு. டீய மெதுவா குடிச்சு முடிச்சாரு. மூர்த்திக்கே ஒரு மாதிரி ஆயி, காசு வேணாம்ணேன்னான். அவரு வச்சிட்டுப் போனாரு.

அந்த மாதிரி பேச்சு தான் சார் அங்க. வாய்ல சர்க்கர போட்டுகினு கசப்பு பேசுறது.

நீங்க பாக்க வந்த பதினாலாம் நம்பரப் பத்தியா? அய்யய்ய, கம்பெனி டோர்னமென்ட் பைனல் முடிஞ்சதுலேந்து வேற பேச்சே கெடையாது. பையன சென்டர்ல ஆட வெக்கிறதா, லெப்ட்ல ஆட வெக்கிறதான்னு ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சிட்டானுங்க. தங்கமாரி இன்னா சொல்றாருன்னா, பயலுக்கு வேகம் இருக்கு, ஒடம்புல சத்து இல்ல, ஒரு வருசம் ஹாஸ்டல்ல போட்டு முட்டையும் கறியுமா கொடுத்தா பெரிய டீமுக்கே போவாங்குறாரு. இன்னொருத்தன், டர்ஃப்ல ஆடிப் பழகலையே, அங்க போனா தடுமாறுவான்னான். மூர்த்தி உடனே, அட போய்யா, அந்த வல்லம் கிரவுண்டுல பந்து மொசலாட்டம் குதிக்குது, அத நிறுத்துறவனுக்கு டர்ஃபு கல்யாண மண்டபத் தரை மாதிரின்னான். இன்னாமோ அவன் பெத்த புள்ள கணக்கா ஒரு பெரும அவனுக்கு.

நானா? நான் அங்க வாயத் தொறக்கறதில்ல சார். மெய்யாலுமே. அந்த ஒரு விசயத்துல மட்டும்.

சரி, நீங்க கேக்குறதுனால சொல்றேன். பசங்க ஏன் மேல வர மாட்றானுங்கன்னு எல்லாரும் டர்ஃபுன்றான், கோச்சுன்றான், புரோட்டீனுன்றான். என்னக் கேட்டா, தூக்கம் சார். நைட்டு ஷிப்டு முடிச்சு, அதுக்கு மேல ஓவர்டைமும் பாத்து, விடிஞ்சதும் கால நீட்டாம நேரா கிரவுண்டுக்கு வந்து ஓடுனா, ஒடம்புல இன்னா ஒட்டும்? கண்ணெல்லாம் கோவப்பழம் மாதிரி கீது. போதும் போய் படுறான்னா, இன்னும் பத்து பந்து, இன்னும் பத்து பந்துன்னு...

ஆங்? ஆமாமா. கரெக்டு. பிரசன்னா ஸ்டோர்ஸ் ஆபீசு. ஜெனரல் ஷிப்டு, ஏசி ரூமு. நான் பொதுவா பசங்களச் சொன்னேன். வயசாச்சு இல்ல, நாக்கு ஒரு பக்கம் போனா நெனப்பு ஒரு பக்கம் போவுது.

அந்த பைனல நீங்க வீடியோவுல தான பாத்தீங்க? தெரியும். தண்ணி டேங்க்கு மேலேந்து எடுத்த வீடியோ. ஆளுங்க எல்லாம் எறும்பாட்டம், முதுகுல நம்பரு மட்டும் தான் தெரியும். நான் கோட்டாண்ட நின்னு பாத்தவன். இதுல ஒரு பொட்டு கூட சேக்கல சார், நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். பதினாலாம் நம்பரு ரைட்ல பந்து வாங்குறான். எதிர்ல ரெண்டு பேரு. எல்லாவனும் வேகமாப் போவான், இவன் நின்னுட்டான். நின்ன எடத்துலயே. அவனுங்க ரெண்டு பேரும் ஓடியாந்த வேகத்துல தாண்டிப் போய்ட்டானுங்க, பஸ்ஸு நிக்காம போவும் பாருங்க, அந்த மாதிரி. அப்பறம் ஒரு தட்டு. கோல்கீப்பரு திரும்பிப் பாக்கறதுக்குள்ள கோல் பலகையில டங்குனு சத்தம்.

கிரவுண்டே பிரசன்னா பிரசன்னான்னு கத்துது. அவன் இன்னா பண்ணான் தெரியுமா? குனிஞ்சு ஷூ லேசு கட்டிகினு கீறான். தலையத் தூக்கவேயில்ல. அடக்கமான பையன்னு பக்கத்துல ஒருத்தரு சொன்னாரு. அடக்கமும் இல்ல, கிடக்கமும் இல்ல. ஷூவே அவனுக்கு ஒரு சைசு பெருசு. கழண்டுகினே இருந்துச்சு.

டைம் ஆவுதா? தோ, ஆயிடும் சார். இன்னும் கொஞ்சம். இந்த வருசத்துக்கு மேல இவனுக்கு ஜூனியர்ல வயசு கெடையாது இல்ல? உங்களுக்கே தெரியும். இன்னிக்கு வுட்டா வுட்டதுதான். அதான் சொல்றேன், குந்துங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

ஒண்ணு கேக்கலாமா? இந்த கம்பெனிங்களுக்குள்ள நடக்குற டோர்னமென்ட்ல யாரு ஆடலாம்னு ரூலு கீது, தெரியுமா? பர்மனென்ட் ஸ்டாப்பு மட்டும் தான். கான்ட்ராக்ட்டு பசங்க ஆடக் கூடாது. ஆனா பர்மனென்ட்ல எவன் சார் ஓடுவான்? தொப்பயத் தூக்கிகினு பாதி கிரவுண்டு வந்தா மூச்சு வாங்கும். அதனால இன்னா பண்ணுவாங்கன்னா, கான்ட்ராக்ட்ல எவன் நல்லா ஆடுறானோ அவனப் புட்ச்சு, பர்மனென்ட்காரன் பேர எழுதி, அவன் பனியன மாட்டி, அவன் ஷூவ மாட்டி உள்ள இறக்கி வுட்டுடுவாங்க. இந்தப் பக்கம் பல எடத்துல நடக்கறதுதான். அம்பயருக்கும் தெரியும். கப்பு ஆபீஸ் ரிசப்ஷனுக்குப் போவும், பேரு பர்மனென்ட்காரனுக்குப் போவும், பையன் மறுபடி லைனுக்குப் போவான்.

இருங்க சார், எந்திரிக்காதீங்க. கோவம் வேணாம். இப்ப எந்திரிச்சீங்கன்னா எல்லாம் வீணாப் போயிடும்.

இப்ப வருவாரு பாருங்க பிரசன்னா, வலது முட்டில பெரிய கட்டோட வருவாரு. நேத்து பிராக்டீஸ்ல பட்டுச்சு சார், ஓட முடியாது சார்ம்பாரு. நீங்களும் வீடியோ பாத்துட்டதால சரின்னு பேர எடுத்துக்குவீங்க. கேம்ப்புலயும் கட்டுப் போட்டுகினு ஓரமா குந்தினு இருப்பாரு. ஆடணும்னு அவருக்கு இன்னா தலயெழுத்து? கேம்ப்புக்குப் போனதுக்கு ஒரு சர்டிபிகேட்டு வந்தாப் போதும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கெவர்மென்ட்டு வேல. ஹெச்சார் சாரோட மச்சான் சார் அவரு.

எப்டித் தெரியுமாவா? அந்தக் கட்டுத் துணியும் பிளாஸ்திரியும் ஒரகடம் மெடிக்கல்ல வாங்கியாந்ததே நான்தானே.

போய்க் கேளுங்க ஹெச்சார் சாருகிட்ட, வாட்ச்மேன் இப்டி சொன்னான்னு. சிரிப்பாரு. அய்யோ, அந்த ஆளா, பந்து ஜப்பான் போன கத சொன்னாரா, அர கோலு சொன்னாரான்னு கேப்பாரு. நீங்களும் சிரிச்சிடுவீங்க. அதுக்குத்தான் சார் இவ்ளோ பெரிய கம்பெனில வேற ஆளே இல்லாத மாதிரி என்னக் கொண்டாந்து உங்க பக்கத்துல குந்த வச்சாங்க. நான் நெஜத்தச் சொன்னாலும் அதுவும் ஒரு கதையாப் பூடும்.

அதனால என்ன நம்பாதீங்க. நம்பச் சொல்லவே இல்ல நான். நீங்களே பாத்துக்குங்க.

தோ... கேட்டீங்களா? ஒண்ணும் கேக்கல இல்ல? அதான். பிரஸ்ஸு நின்னுடுச்சு. டீ டைமு. பிரசன்னா வர்ற வரைக்கும் உங்கள நிறுத்தி வையின்னாங்க. நான் இதுக்காக நிறுத்தி வச்சேன்.

அந்த மெஷின்ல நிக்கிறவன் இப்ப கிளவுச கழட்டிகினே வேலியாண்ட வருவான். எங்கிட்ட சுண்டலு கீது, அவங்க அம்மா காஞ்சனா காலைலயே கட்டிக் குடுத்துச்சு. காஞ்சனா என் பொண்ணு. அவன் என் பேரன் சார்.

மொதல்ல சத்தியம் பண்ணுவான், ஸ்டிக்கே புடிச்சதில்லன்னு. வாயத் தொறந்தா வேல போவும், தொறக்கலன்னா தீபாவளிக்குள்ள பர்மனென்ட்டுன்னு சொல்லி வச்சிகிறாங்க. போன தீபாவளிக்கும் அதான் சொன்னாங்க. எங்க வூட்ல பொய் பேசுறவன் நான் ஒருத்தன்தான் சார் இருந்தேன். அதுவும் சும்மா சிரிக்கறதுக்கு. இப்ப அவனும் கத்துகினான், அவன் பேசுனா மட்டும் எல்லாரும் நம்புறாங்க.

தோ வர்றான் பாருங்க, கிரீஸு கையோட. செந்தமிழன்னு நான்தான் பேரு வச்சேன். ஆனா அந்தப் பேரச் சொல்லிக் கூப்டாதீங்க. பிரசன்னான்னு ஒரு தபா கூப்டுங்க, போதும். போன வாரம் ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு தூங்கிகினு இருந்தவன எழுப்புறேன், செந்தமிழா, செந்தமிழான்னு. அசையவே இல்ல. இன்னாதான் ஆவுதுன்னு பாக்கலாம்னு பிரசன்னான்னேன். எந்திரிச்சு குந்திகினான் சார்.