ஆயுத பூஜையன்று திரையிடம் நான் கேட்ட கேள்வி

பெயர்: முத்தாத்தாள். வயது: 48. கணவர் பெயர்: ஆறுச்சாமி. விலாசம்: பீளமேடு, பழைய மில் லைன் வீடுகள், கதவு எண் 14. தொழில்: முன்பு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு, தற்போது வேலை இல்லை. நாள்: 04.10.2025.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். லட்சுமணசாமி என்பவருக்குச் சொந்தமான பம்ப்செட் கம்பெனியில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் பார்த்தேன். பூஜை நடந்த இடத்தில் முதலாளியைத் திருடன் என்று சொல்ல வைத்து அவமானப்படுத்தியதாக என் மீது வந்துள்ள புகாரைக் காவல் நிலையத்தில் ஐயா படித்துக் காட்டினார்கள். அவமானப்படுத்தியது உண்மைதான். அதற்காகத்தான் போனேன். ஏன் போனேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஜூன் மாதம் 11ஆம் தேதி ஸ்டோரில் காப்பர் ஒயர் ரோல் இரண்டு காணாமல் போய்விட்டது. முதலாளியின் மகன் வம்சி அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஆபீஸில் ஏஐ சாட்பாட் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நாம் கேள்வியைச் சொன்னால் அது பதிலைப் பெரிய திரையில் எழுதிக் காட்டும். அன்று நாலைந்து பேர் ஸ்டோருக்கு வந்து போயிருந்தும், வம்சி என் பெயரை மட்டும் சொல்லி அதனிடம் கேட்டார். அது எழுதிய பதிலைக் கம்பெனி லெட்டர்பேடில் அச்சடித்து, எல்லாரும் வருகை பதியும் டைம் ஆபீஸ் போர்டில் ஒட்டினார். அதில் இருந்த வாசகம்: “ஒயரை எடுத்தவர் ஸ்டோருக்குள் போயிருக்க வேண்டும். முத்தாத்தாள் ஸ்டோருக்குள் போயிருக்கிறார். எனவே எடுத்தவர் முத்தாத்தாள்.” ஸ்டோர்காரி ஸ்டோருக்குள் போகாமல் வேறு எங்கே போவாள் என்று அந்தப் பெட்டிக்கும் தோன்றவில்லை, படித்த மகனுக்கும் தோன்றவில்லை.

நான் முதலாளியிடம் போய், “நாய்க்கு நாலு காலுங்க, ஆட்டுக்கும் நாலு காலுங்க. அதுக்காவ ஆடு குரைக்குமுங்களா” என்று கேட்டேன். அவர், “கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுங்கம்மா” என்றார். அன்று மாலையே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அந்த நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து, மற்ற கம்பெனி ஸ்டோர்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டதால், நான் வேலை கேட்டுப் போன ஆறு இடங்களிலும் என் பெயரைக் கேட்டதும் ஆள் எடுக்கவில்லை என்றார்கள். ஒரு இடத்தில், நான் எழுந்து வரும்வரை மேஜை மேல் இருந்த தன் செல்போனை மேனேஜர் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, மோட்டாருக்கு ஒயர் சுற்றும் வைண்டிங் செக்ஷனில் வேலை செய்யும் பங்காரம்மா போன் செய்து, ரோல் இரண்டும் அங்கே பழைய மெஷினுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்துவிட்டதாகவும், நோட்டீஸை ஆபீஸ்காரர்கள் சத்தமில்லாமல் கிழித்துவிட்டதாகவும் சொன்னார். உடனே போய், முத்தாத்தாள் எடுக்கவில்லை என்று அதே போர்டில் ஒரு வரி ஒட்டச் சொல்லிக் கேட்டேன். முதலாளி, “பொருளு கெடச்சுப்போச்சல்லீங்க, உட்டுப்போடுங்கம்மா. மாத்தி ஒட்டுனா ஆபீஸ் மேல மருவாதி போயிருமுங்க” என்றார். என் மரியாதை போனது அவருக்குப் பொருட்டில்லை. இதை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்காள் மகள் லோகப்பிரியாவிடம், இவ்வளவு சின்ன விஷயம் அந்தப் பெட்டிக்கு ஏன் பிடிபடவில்லை என்று விசாரித்தேன். அவள், “அது நம்மளாட்ட யோசிக்கறதில்லீங்க சின்னம்மா. ஏகப்பட்டதப் படிச்சு வெச்சிருக்குது, இந்த வார்த்தைக்கு அப்புறம் எது வரும்னு ஊகிச்சு எழுதுது. ரெண்டு வரி சொன்னா மூணாவதா ஒரு ‘எனவே’ போட்டுப்போடும், அது பொருந்துதான்னு பாக்காது. கேக்கறவங்க எந்தப் பக்கம் சாயறாங்களோ அதுவும் அந்தப் பக்கமே சாஞ்சுக்கும்” என்றாள். அதே சாட்பாட்டை என் செல்போனிலும் போட்டுக் கொடுத்தாள். இரண்டு மாதம் தினமும் சமையல் முடித்த கையோடு உட்கார்ந்து அதனிடம் கேள்வி கேட்டேன். ஒரே கேள்விக்கு ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தப்பாகவும் சொன்னது. எப்படிக் கேட்டால் பத்துக்கு ஒன்பது தடவை தடுமாறும் என்று கண்டுபிடிக்கும்வரை நான் விடவில்லை.

சம்பவத்தன்று, அதாவது 01.10.2025 ஆயுத பூஜையன்று காலை பத்து மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். அன்று பழைய ஆட்களும் பொரி வாங்கப் போவது வழக்கம் என்பதால் கேட்டில் யாரும் தடுக்கவில்லை. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வைத்தது போல அந்தத் திரைக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். தீபாராதனை முடிந்த பிறகு வம்சி, வந்திருந்த டீலர்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இதனிடம் கேட்கலாம் என்று மைக்கை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

நோட்டீஸில் இருந்த வாசகத்தையே சொன்னேன், பெயரை மட்டும் மாற்றினேன். ஒயரை எடுத்தவர் ஸ்டோருக்குள் போயிருக்க வேண்டும், லட்சுமணசாமி அன்று ஸ்டோருக்குள் போயிருக்கிறார், எடுத்தவர் யார் என்று கேட்டேன். அவர் அன்று உள்ளே வந்து போனது உண்மை. எடுத்தவர் லட்சுமணசாமி என்று திரையில் வந்தது. முதலாளி மைக்கைப் பிடுங்கி, “தப்பு. நான் இந்தக் கம்பெனி ஓனர்” என்றார். “மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. நீங்கள் எடுக்கவில்லை” என்று வந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே சத்தமாக, “அவரு உள்ள போனாருங்களா இல்லீங்களா” என்றேன். “மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. எடுத்தவர் லட்சுமணசாமி” என்று வந்தது. இப்படியே இன்னும் இரண்டு தடவை அது மாற்றி மாற்றிச் சொன்னதும் டீலர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்து என் மனசு குளிர்ந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. வம்சி ஸ்விட்சை அணைத்தார். அதன் பிறகு நான் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலை நிலையத்துக்கு வந்த வம்சி, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். “பெருசா ஒண்ணுமில்லீங்க, ஒரு கையெழுத்துப் போட்டுப்போடுங்க” என்றார். யார் எழுதியது என்று கேட்டதற்கு, சாட்பாட் எழுதியது என்றார். நான் முழுவதையும் படித்தேன். நான்காவது வரியில், கம்பெனி ஒயரைத் திருடியதற்கு வருந்துகிறேன், இனி திருட மாட்டேன் என்று இருந்தது. வேலையை விட்டு நிறுத்தப்பட்டவள் மன்னிப்புக் கேட்டால் திருடித்தான் இருப்பாள் என்று அது ஊகித்திருக்கிறது. அதன் கீழே, படித்துச் சம்மதித்தேன் என்று கம்பெனி முத்திரை வைத்து லட்சுமணசாமி கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் அந்த வரியை வாசித்துக் காட்டியதும் வம்சி தாளைத் திருப்பிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. எனக்குச் சமாதானத்தில் சம்மதம் இல்லை. கிடைத்துவிட்ட பொருளுக்கு இரண்டாவது தடவையும் என்னைத் திருடி என்று எழுதி முதலாளியே கையெழுத்துப் போட்ட மேற்படி தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை வைத்து அப்பா, மகன் இருவர் மீதும் என் புகாரைப் பதிவு செய்து ரசீது தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்ததுதான், எல்லாம் நான் சொன்னதுதான்.

(ஒப்பம்)
ஆ. முத்தாத்தாள்