மூன்றாவது முறை காட்டிய எண்

பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தொன்று. இரத்த வங்கியில் பதினாறு வருடங்களாக டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். இறந்துபோனவள் என் உடன்பிறந்த அக்கா, வயது நாற்பத்தாறு, சீருடை தைக்கும் கம்பெனியில் தையல் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா மகளுக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு அதிகமாகி, முகம் தெரியாதவர்கள் கொடுத்த நாலு பை இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அதிலிருந்து தானும் நாலு பை கொடுத்தே தீருவது என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். மூன்று கொடுத்துவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தாள். ஊசி குத்தாமல் விரலில் கிளிப் மாட்டி, வெளிச்சத்தை வைத்தே இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்கும் மிஷினை அவள் இடது மோதிர விரலில் மாட்டினேன். 11.4 காட்டியது. பன்னிரண்டரை இருந்தால்தான் இரத்தம் எடுக்கலாம். குறைந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

"கை சில்லுனு இருக்குடி, அதான். போன தடவையும் திருப்பி அனுப்பிட்ட. அரை நாள் லீவு போட்டிருக்கேன், இன்னைக்கும் வந்த வழியே அனுப்பிடாத" என்றாள். அவள் உள்ளங்கைகளை என் கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினேன். அதன் பிறகு நடுவிரலில் மாட்டியதில் 11.6 வந்தது. அதன் பிறகு வலது கையில் மாட்டியதில் 12.6 வந்தது. "பாத்தியா!" என்று சிரித்தாள். கடைசி எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதினேன். விரலில் குத்திப் பார்க்கவில்லை.

இரத்தம் எடுத்த பிறகு பதினைந்து நிமிடம் படுக்கவைத்து ஜூஸ் கொடுத்தேன். அடுத்த ஆள் காத்திருந்ததால் நான் வாசல்வரைகூடப் போகவில்லை. அக்கா மாடிப்படியில் தலைசுற்றி விழுந்துவிட்டதாக வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னார். நான் போனபோது பின்மண்டையில் அடிபட்டுக் கிடந்தாள், கண் திறந்திருந்தது. "நாலு ஆயிடுச்சுல்ல?" என்று கேட்டாள். ஆயிடுச்சுக்கா என்றேன். அதன் பிறகு பேசவில்லை. வியாழக்கிழமை மதியம் இறந்துபோனாள்.

மிஷின் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடு, உன் வேலைக்கு எதுவும் வராது என்று மேலாளர் சொன்னார். மிஷினில் மூன்று எண்களும் நேரத்தோடு பதிவாகியிருக்கின்றன. அது இரண்டு முறை சொன்னது, கேட்காதவள் நான்.

அக்கா வீட்டுக்காரரான மாமாவும் மிஷின்மேல்தான் பழி என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இறுதிச்சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு, "மிஷின் பண்ண தப்புக்கு நீ என்னம்மா பண்ணுவ? ரெண்டு வாய் சாப்பிடு" என்று தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார். சாப்பிட்டேன்.

இவையனைத்தும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே சொன்னவை. எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன், உண்மை, திருத்தம் இல்லை. இதன் நகல் ஒன்றை மாமாவிடம் விசாரணை அதிகாரியான நீங்களே கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

(ஒப்பம்)