ரீடிங்காரர் இளங்கோவன் வாங்கித் தந்த நாற்பது நாள்

மேடையில் நாற்காலி கிடைத்தவர்களுக்கும், கீழே பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் ஜனங்களுக்கும், உள்ளே இடமில்லாமல் வாசல் வெயிலில் நிற்கிறவர்களுக்கும் சம்பூர்ணத்தின் வணக்கம். வெயிலில் நிற்கிறவர்களுக்கு இன்னொரு வணக்கம். நம்ம தலைவர் இளங்கோவன் இருந்திருந்தால் உங்களைத்தான் முதலில் பார்த்திருப்பார். "யாருப்பா அது, வெளியிலேயே நின்னுக்கினு? உள்ள வாங்க" என்றுதான் கூட்டத்தையே ஆரம்பித்திருப்பார்.

அந்தக் குரல் அடங்கி இன்றைக்குப் பதினைந்தாம் நாள். நாளைக்குக் காரியம். நாளை மறுநாள் என்ன? நாளை மறுநாள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்கொட்டகையில் இருக்கிற பதினான்கு பேர் தெருவுக்கு வர வேண்டும்!

கொட்டகைக்குச் சொந்தக்காரர் லோகேஸ்வரன் இதோ, மேடையில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். தலைவர் படத்துக்கு எல்லாரையும் விடப் பெரிய மாலை போட்டவர் அவர்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, குளித்த தலை காய்வதற்குள், "காரியம் வரைக்கும் இருக்கட்டும்மா, மறுநாள் சாவி வந்துடணும்" என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். தலை குனியாதீங்க தம்பி. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இளங்கோவன் யார்? பெரிய படிப்பா? பெரிய பதவியா? முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் ரீடிங் எடுத்தவர். அவ்வளவுதான். ஆனால் எந்த வீட்டில் மீட்டர் ஓடவில்லை, எத்தனை மாசமாகப் பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறார், அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தது. "பூட்டின வீடு இவ்ளோ இருக்குது, படுக்க இடமில்லாத ஜனம் பஸ் ஸ்டாண்டுல இருக்குது. ரெண்டும் ஒரே ஊர்லதானே இருக்குது?" என்று கேட்டார். இந்த ஊரில் வேறு யார் கேட்டார்கள்? சொல்லுங்கள்!

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. பாவு என்பது சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூல். ஒரு பாவில் மூன்று சேலை நெய்யலாம். தறியில் பாவு ஏறிவிட்டால், அது நெய்து முடித்து அறுக்கிற வரைக்கும் அந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது. நடுவில் தறியைப் பெயர்த்தால் நூல் பாழ். அதனால் எப்பேர்ப்பட்ட வீட்டுக்காரரும் பாவு அறுக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர் தாமல் முனிசாமி. இந்த லோகேஸ்வரனைப் பெற்றவர். ரீடிங் எடுக்க வந்த இளங்கோவன் நான் அழுவதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "வரதண்ணா, இன்னைக்கே பாவு ஏத்துங்க. நாற்பது நாள் கிடைக்கும். அதுக்குள்ள வீடு பார்த்துடறேன். நிதானமா நெய்யுங்க."

நிதானம்! என் வீட்டுக்காரரிடம் போய் நிதானம்! இந்த ஊரிலேயே வேகமான கை அவருடையது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்கிறேன். "மெதுவா நெய்தா எனக்குக் கை வரலைடி, சேலை கெட்டுப் போவும்" என்கிறார். நல்ல வேலைக்காரன் செய்கிற தப்பு அது. இருபத்தொன்பதாம் நாள் மூன்றாவது சேலையும் முடிந்தது. பாவு அறுத்தபோது முனிசாமி வாசலிலேயே நின்றார்.

"முடிஞ்சுதா? சரி."

எங்கள் அண்டாவை அவரே தூக்கி வெளியே வைத்தார். அதில் தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் பத்திரமாக வைத்தார். அந்தப் பத்திரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பதினொரு நாள் குளத்தங்கரை மண்டபத்தில் கிடந்தோம். மூன்றாம் நாள் தேடிக்கொண்டு வந்த இளங்கோவன், "ஏம்மா, நாற்பது நாள்னு சொன்னேனே" என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "சொன்னீங்க. இருபத்தொன்பதாம் நாளே முடிஞ்சா எங்க போறதுன்னு சொன்னீங்களா? வீட்டைப் பார்த்து வச்சுட்டு இல்ல நாளைச் சொல்லணும்!" என்று கத்தினேன். மண்டபத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவரோ அப்படி எழுந்து உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இவங்கள்லாம் யாரும்மா?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் வாரா வாரம் நாங்கள் கூடுகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டம் பிறந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாலாஜி, புது ஆள் யாராவது மூட்டையோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற மேரி, டிஸ்சார்ஜ் ஆகிப் போக்கிடம் இல்லாதவர்களைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன வீடுகளை நான் சொல்ல வேண்டும். தலைவர் பூட்டின வீடுகளைச் சொல்வார். ஒவ்வொரு பேரையும் வாசித்து, அந்த ஆளுக்கு ஒரு கதவு கிடைத்த பிறகுதான் பேரை அடிப்பார். மேரி ஒரு தரம், "அண்ணா, பசிக்குது, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாமா" என்றாள். "பார்க்கலாம்மா. அவங்களை ஒரு வாரம் உன் வீட்ல வச்சுக்கோ" என்றார். மேரி வைத்துக்கொண்டாள்! இதோ அழுகிறாள் பாருங்கள், பொய்யா என்று கேளுங்கள்.

தப்பே செய்யாத மனிதரா? செய்தார். தெருவில் படுக்கிறவர்களை எல்லாம் எழுதிவிட வேண்டும் என்று ஒரு விடியற்காலை எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என்ன நாள்? வைகாசி கருடசேவை! ஊரெல்லாம் சேவைக்கு வந்த ஜனம் படுத்திருக்கிறது. இருநூறு பேரை எழுதிவிட்டோம். மாகறலிலிருந்து வந்த ஒருத்தரைத் தட்டி எழுப்பி, "ஐயா, உங்களுக்கு வீடு இருக்குதா?" என்று கேட்டார். "மாடி வீடே இருக்குதுப்பா. ஏன், பொண்ணு குடுக்கப் போறியா?" என்றார் அவர். சிரியுங்கள், தலைவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் அதே தெருக்களுக்குத் தனியாகப் போனார். கூட்டம் வடிந்த பிறகும் அங்கேயே கிடந்தவர்களை எழுதினார். பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

அந்த இடம்தான் கொட்டகை; இப்போது அங்கே பதினான்கு பேர். முனிசாமி தறிகளை விற்றுவிட்டுப் பூட்டி வைத்திருந்தது. தலைவர் ஏழு தடவை தாமலுக்கு நடந்தார். ஏழாம் தடவை முனிசாமி, "எடுத்துக்கோ. நான் இருக்கிற வரைக்கும், நீ இருக்கிற வரைக்கும்" என்றார். அவர் போன வருஷம் போனார். இவர் இப்போது போனார். சொன்ன சொல் முடிந்தது என்கிறார் லோகேஸ்வரன். சரிதான் தம்பி. கொட்டகை உங்களுடையது. நான் இல்லை என்று சொல்லவில்லை.

இந்தக் கூட்டத்தை நடத்துகிற குரு தம்பி ஏதோ துண்டுச் சீட்டு நீட்டுகிறார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் நீட்டுகிறார். நீங்களே படிங்க. "சீக்கிரம் முடிக்கவும்." முடிக்கிறேன்பா. எப்படி முடியப் போகிறது என்று சொல்லத்தான் எழுந்தேன்.

தலைவரே! படத்தில் இருக்கிற உங்களைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பதினொரு நாளை நான் மன்னிக்கவில்லை. மன்னித்திருந்தால் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பேனா? "வீடு பார்த்தாச்சா? பார்த்துட்டு இல்ல பேசணும்" என்று பதினேழு வருஷம் உங்கள் உயிரை வாங்கியிருப்பேனா? இனிமேல் யார் உயிரை வாங்குவேன்?

லோகேஸ்வரன் தம்பி, உங்கள் கொட்டகை மூலையில் விற்காமல் விட்ட ஒரு தறி இருந்தது. பழைய இழை தொங்கிக்கொண்டு, வெறும் மரமாக. நேற்று விடியற்காலை எங்கள் தெருவில் பாவு நீட்டினோம். அந்தப் பதினான்கு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். பிடிக்கத் தெரியாதவர்களுக்கு நான் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தேன். ராத்திரி வரைக்கும் நானும் மூன்று பெண்களும் பழைய இழையோடு புது இழையைப் பிணைத்தோம். நெசவாளர் சங்கத்தில் என் வீட்டுக்காரர் பேரில் முறையாக வாங்கின பாவு. இன்று காலை ஏற்றியாகிவிட்டது.

எழுந்திருக்காதீங்க. உட்காருங்க. உங்கள் அப்பா எனக்கு எத்தனையோ கெடுதல் செய்தார். ஆனால் பாவு இருக்கிற தறி மேல் கை வைக்கவில்லை. அவர் பிள்ளை நீங்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவில், இந்தப் படத்துக்கு முன்னால், நீங்கள் வைக்கிறேன் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

சொல்லவில்லை. ஊரார் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலாஜி, மேரி, இது உங்களுக்கு. செவ்வாய்க்கிழமை கூட்டம் உண்டு. பதினான்கு பேருக்கும் பதினான்கு கதவு. எல்லாப் பேரையும் அடித்த பிறகுதான் பாவு அறுப்போம். அறுத்த அன்றைக்குச் சாவியை நானே கொண்டு வந்து தம்பி கையில் கொடுப்பேன்.

எப்போது என்று கேட்கிறீர்களா? தறியில் உட்கார்ந்திருப்பது வரதன்தான். அவருக்கு எழுபத்தெட்டு வயசு. கை நடுங்குகிறது. காலையிலிருந்து நாலு விரல் அகலம் நெய்திருக்கிறார்.

இந்தத் தடவை நான் அவசரப்படாதீங்கன்னு சொல்ல வேண்டியதில்லை.